வாஷிங்டனை ராஜ்நிவாஸுக்குக் கூட்டி வராதீர்கள்

அமெரிக்காவின் முதல் மூன்று குடியரசுத் தலைவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, புதுச்சேரி மாநிலத் தகுதி கேட்பது அடாவடி என்று நிரூபிக்கப் புறப்பட்ட கட்டுரையைச் சென்ற இதழில் வாசகர்கள் படித்திருப்பீர்கள். வாஷிங்டனும் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் புதிய நிலப்பகுதிகளுக்குத் தாங்களே ஆளுநர்களை அனுப்பினார்கள், அங்கிருந்த மக்களைக் கேட்டு அனுப்பவில்லை, அந்த உறுதியால்தான் அந்த நாடு நிலைத்தது; ஆகவே டெல்லி அனுப்பும் துணைநிலை ஆளுநரும் டெல்லி நியமிக்கும் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களும் உலகின் மூத்த குடியரசு காட்டிய வழியில் வந்தவர்களே. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். சாட்சிகளை அழைத்து வந்தவர் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய மறந்துவிட்டார். அல்லது, செய்தால் என்ன வெளிவரும் என்று தெரிந்தே தவிர்த்துவிட்டார். அந்த வேலையைப் புதுச்சேரியின் முதலியார்பேட்டையில் உட்கார்ந்து நான் செய்கிறேன்.

முதலில் வாஷிங்டன். ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலப்பரப்புக்கு ஆர்தர் செயின்ட் கிளேர் ஆளுநரானார், உண்மை. அங்கே அப்போது சட்டமன்றம் இல்லை, அதுவும் உண்மை. ஆனால் அந்த ஆளுநர் எந்தச் சட்டத்தின் கீழ் அங்கே போனார்? 1787 ஜூலை 13 அன்று நிறைவேறிய வடமேற்குப் பிரதேசச் சட்டத்தின் கீழ். 1789-இல், வாஷிங்டன் பதவியேற்ற சில மாதங்களில், புதிய அமெரிக்கக் காங்கிரஸ் அதை மறுபடி உறுதி செய்து நியமன அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. கட்டுரையாளர் அந்தச் சட்டத்தின் முதல் பத்தியைப் படித்ததோடு கடையைக் கட்டிவிட்டார். அடுத்த பத்திகளில் என்ன இருக்கிறது என்றால், வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை. சுதந்திரக் குடிமக்கள் 60,000 பேர் சேர்ந்தால் முழு மாநிலம், அதுவும் பழைய 13 மாநிலங்களுக்குச் சமமான நிலையில். நியமன ஆளுநர் என்பவர் அந்தச் சட்டத்தில் ஒரு பருவம். அவருடைய பதவி எந்த இடத்தில் முடியும் என்பது அவர் போவதற்கு முன்பே எண்ணால் எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கையில் அடிமைகளும், நிலத்தைப் பறிகொடுத்த பூர்வகுடிகளும் சேரவில்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை, அந்தக் குடியரசுக்கு மாலை போடவும் நான் வரவில்லை. என் கேள்வி வேறு. எங்களை ஆளும் 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு எண் எங்கே இருக்கிறது? இத்தனை லட்சம் மக்கள், இத்தனை கோடி வருவாய், இத்தனை ஆண்டு என்று எந்தப் பிரிவு சொல்கிறது? ஒரு பிரிவும் சொல்லவில்லை. தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவை வெட்டி எறிந்துவிட்டு இதுதான் முன்னுதாரணம் என்று நீட்டுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

செயின்ட் கிளேரின் கதை அங்கே முடியவில்லை. கட்டுரையாளர் அதை முடிக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒஹையோ மாநிலமாவதை அந்த ஆளுநர் எதிர்த்தார். 1802 நவம்பரில், அரசமைப்பை எழுதக் கூடியிருந்த பிரதிநிதிகள் முன்பே போய் நின்று, அவர்களைக் கூட அனுமதித்த காங்கிரஸின் சட்டமே செல்லாது என்று பேசினார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஜெஃபர்சன், அதாவது கட்டுரையாளர் தம் பக்கம் நிறுத்திய அதே ஜெஃபர்சன். அவர் என்ன செய்தார்? ஆளுநரைப் பதவியிலிருந்து தூக்கி எறிந்தார். 1803-இல் ஒஹையோ மாநிலமானது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 45,000, விதித்த வரம்பைவிடக் குறைவு. மக்கள் பிரதிநிதிகளுக்கும் நியமன ஆளுநருக்கும் மோதல் வந்தபோது ஜெஃபர்சன் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்த பிறகும் அவர் பெயரைச் சொல்லி எங்களை அடக்க முடியுமா?

இங்கே நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1963 சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி, துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கோப்பு குடியரசுத் தலைவருக்கு, அதாவது ஒன்றிய அரசுக்குப் போகும். அவசரம் என்று கருதினால் பதில் வருவதற்குள் துணைநிலை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். 45-ஆம் பிரிவின்படி முதலமைச்சரையும் அமைச்சர்களையும் நியமிப்பவர் குடியரசுத் தலைவர். இந்த இரண்டு பிரிவுகளும் ஏட்டில் தூங்குபவை என்று நினைப்பவர்கள் எங்கள் தெரு ரேஷன் கடை வரை வந்து பார்த்திருக்க வேண்டும். இலவச அரிசியை அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்றது தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை. வங்கிக் கணக்கில் பணமாகத்தான் போட வேண்டும் என்றது துணைநிலை ஆளுநரின் மாளிகையான ராஜ்நிவாஸ். கோப்பு டெல்லிக்குப் போனது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பணமே நிலைத்தது. கடையின் இரும்புக் கதவு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, பூட்டின் மேல் துரு ஏறி, விலைப்பட்டியல் எழுதிய கரும்பலகை வெளுத்து, 2024-இல்தான் கடைகள் மறுபடி திறந்தன. பணம் நல்லதா அரிசி நல்லதா என்பது நியாயமான விவாதம்தான். பணத்தை ஆதரிக்கும் பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு குடும்ப அட்டைக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை, அந்தக் குடும்பத்தின் ஓட்டு தொட முடியாத ஒருவர் முடிவு செய்ததுதான் சண்டை. தவறான முடிவெடுத்த அமைச்சரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். துணைநிலை ஆளுநரை எந்தத் தேர்தலில் அனுப்புவது?

அடுத்தது லூசியானா. கட்டுரையாளர் தம் துருப்புச் சீட்டாக நினைப்பது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். பிரான்சு நிலத்தை விற்றது, அமெரிக்கா வாங்கியது, நியூ ஆர்லியன்ஸ் மக்களை யாரும் கேட்கவில்லை. பிரான்சு புதுச்சேரியை விட்டது, இந்தியா எடுத்துக்கொண்டது, இங்கேயும் யாரும் கேட்கவில்லை. இரண்டும் ராஜதந்திரிகளின் வேலை, மக்களுக்கு அதில் பங்கில்லை, பங்கில்லாதவர்கள் உரிமை கோர முடியாது. வாதம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உண்மைகளைத் தொட்டால் நின்றுவிடுகிறது.

1803 ஏப்ரல் 30 என்று நாளிட்ட ஒப்பந்தத்தில் பாரிஸில் அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டவர்கள் ராபர்ட் லிவிங்ஸ்டனும் ஜேம்ஸ் மன்றோவும். விலை 1.5 கோடி டாலர். இப்படி நிலம் வாங்க அரசமைப்பில் இடம் உண்டா என்று ஜெஃபர்சனுக்கே சந்தேகம். திருத்தம் ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டு, காலம் கடந்தால் நெப்போலியன் மனம் மாறிவிடுவார் என்று கைவிட்டார். மக்களைக் கேட்கவில்லை என்பது சரி. 1804-இல் வந்த சட்டம் நியூ ஆர்லியன்ஸுக்கு நியமன ஆளுநரையும், குடியரசுத் தலைவர் நியமிக்கும் 13 பேர் கொண்ட சட்ட சபையையும் கொடுத்தது என்பதும் சரி. ஆளுநராக வந்த கிளெய்போர்னுக்குப் பிரெஞ்சு தெரியாது. இதுவரை கட்டுரையாளர் சொல்வது அத்தனையும் சரி. அதற்குப் பிறகு நடந்தவை அவர் கட்டுரையில் இல்லை. நியமிக்கப்பட்ட 13 பேரில் எதியென் தெ போரே உள்ளிட்ட பலர், இப்படிப்பட்ட பதவி எங்களுக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். பிரதிநிதித்துவம் இல்லாத ஆட்சியை எதிர்த்து உங்கள் முன்னோர் புரட்சி செய்தார்களே, அதே ஆட்சியை எங்கள் மேல் ஏற்றுவது என்ன நியாயம் என்று கேட்டு ஒரு மனு எழுதப்பட்டது. எழுதியவர் யார் தெரியுமா? எட்வர்ட் லிவிங்ஸ்டன், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ராபர்ட்டின் தம்பி. மூவர் அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு தலைநகர் வரை போனார்கள். அந்த மனுதாரர்கள் அடிமைகளை இறக்குமதி செய்யும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள் என்பது அவர்கள் முகத்தில் விழுந்த கரி. ஆனால் காங்கிரஸ் அவர்களுடைய பிரதிநிதித்துவக் கோரிக்கையைக் குப்பையில் போடவில்லை. மறு ஆண்டே, 1805-இல், தேர்ந்தெடுக்கப்படும் சபை கொடுக்கப்பட்டது. 1812 ஏப்ரல் 30 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, லூசியானா மாநிலமானது. பிரெஞ்சு தெரியாத கிளெய்போர்ன் அந்த மாநிலத்தின் முதல் ஆளுநராவதற்கு ஓட்டுக் கேட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

லூசியானாவுக்கு ஒன்பது ஆண்டு. நாம் 1954 நவம்பர் 1-இல் இந்திய ஆட்சிக்குள் வந்தோம். எழுபது ஆண்டு தாண்டிவிட்டது. இந்த ஒப்பீட்டை முன்வைத்தவர் கட்டுரையாளர், நான் அல்ல. முன்வைத்தவரே கணக்கையும் போட்டிருக்கலாமே!

மக்களுக்குப் பங்கில்லை என்ற வரியை மட்டும் அமைதியாகக் கடந்து போக முடியாது. 1946-இன் பிரெஞ்சு அரசமைப்பு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று விதித்திருந்தது. நெப்போலியனுக்கு இல்லாத கட்டு அது. அதனால்தான் வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. 7,463 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் 114 பேர். புதுச்சேரியில் அதே வாக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. குண்டர் படைகளும் தேர்தல் முறைகேடுகளும் மலிந்த காலம் அது. கடைசியில் 1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன் மேயர்களே இணைப்புத் தீர்மானம் போட்டார்கள். நேற்றுவரை பிரான்சுக்கு ஆதரவாக நின்ற எதுவார் குபேர் நெட்டப்பாக்கம் போய்த் தற்காலிக ஆட்சி நடத்தினார். மாகேயில் ஐ.கே. குமரனின் தொண்டர்கள் ஜூலையில் பிரெஞ்சு நிர்வாகத்தை வெளியேற்றினார்கள். அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி 170-க்கு 8 என்று முடிவு செய்தார்கள். அது மக்கள் நேரடியாக வாக்களித்த தேர்தல் அல்ல, பிரதிநிதிகளின் வாக்கு. அந்தக் குறையைத் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் காலத்திலிருந்தே இங்கே பேசி வருகிறோம், கட்டுரையாளர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த 178 பேருக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. கடலூர் சாலையின் மில் சங்கு சத்தத்தில் வளர்ந்த எங்கள் ஊருக்கு, உரிமை ராஜதந்திரிகளின் பேனாவிலிருந்து வந்தது என்று பாடம் நடத்த வேண்டாம்.

இந்த இடத்தில் கட்டுரையாளர் தம் கையாலேயே தம் வாதத்தை அறுத்துக்கொள்கிறார். இரண்டாம் பக்கத்தில் கீழூர் வெறும் சடங்கு, மக்களுக்கும் இணைப்புக்கும் தொடர்பில்லை என்று எழுதியவர், ஐந்தாம் பக்கத்துக்கு வந்ததும் கீழூரில் 170 பேர் டெல்லியின் ஆட்சியை முழு மனதோடு ஏற்றுவிட்டார்கள், இப்போது முனகுவது நன்றிகெட்டதனம் என்கிறார். எது உண்மை? சடங்கென்றால் அதைக் காட்டி நன்றி கேட்க முடியாது. சம்மதமென்றால் மக்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. உரிமையை மறுக்க ஒரு கீழூர், விசுவாசத்தைக் கேட்க இன்னொரு கீழூர் என்று ஒரே கிராமத்தை இரண்டு முறை விற்றிருக்கிறார்.

ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லியும் ஒரு மிரட்டல் இருக்கிறது. 1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கை எங்களுக்குத் தனித் தகுதி கொடுத்ததாம். மாநிலமானால் அது போய்விடுமாம். பிரான்சுக்குக் கொடுத்த வாக்கை இந்தியா மீற வேண்டுமாம். அந்த உடன்படிக்கையின் இரண்டாவது உறுப்பைத் திறந்து பார்க்கட்டும். முன்பிருந்த சிறப்பு நிர்வாக நிலை தொடரும் என்று சொல்லிவிட்டு, இனி அந்த நிலையில் அரசமைப்பு ரீதியாக எந்த மாற்றம் செய்தாலும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யவேண்டும் என்கிறது அது. மாற்றமே கூடாது என்று எங்கே சொல்கிறது? மாற்றத்தின் சாவியை அது கொடுத்தது மக்கள் கையில். அல்ஜீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சு, 1962-இல்தான் அந்த உடன்படிக்கைக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. மறு ஆண்டே டெல்லி தன் 1963 சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்கு எங்கள் விருப்பத்தை எந்த வாக்கெடுப்பில் அறிந்தார்கள்? கோவாவில் 1967 ஜனவரி 16 அன்று, மகாராஷ்டிரத்தோடு சேர்வதா தனியே இருப்பதா என்று மக்களிடம் வாக்குச் சீட்டு கொடுத்துக் கேட்டார்கள். எங்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுத்தபோது, கேட்கப்படாத அந்த விருப்பம் தெருவுக்கு வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, திட்டம் கைவிடப்பட்டது. உடன்படிக்கையின் இரண்டாவது உறுப்பை நினைவில் வைத்திருந்தது டெல்லி அல்ல, புதுச்சேரித் தெரு.

இனி நியமனங்கள். முதல் குடியரசுத் தலைவர்கள் தகுதி பார்த்து, கட்சி பார்க்காமல் நியமித்தார்கள், எவரும் கேள்வி கேட்கவில்லை என்பது கட்டுரையாளரின் அடுத்த கூற்று. கேள்வி கேட்கவில்லையா? வாஷிங்டன் பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1789 ஆகஸ்டில், அமெரிக்காவின் சவானா துறைமுக அதிகாரியாக அவர் முன்மொழிந்த பெஞ்சமின் ஃபிஷ்போர்னை செனட் நிராகரித்தது. 1795-இல் தலைமை நீதிபதியாக அவர் அமர்த்திய ஜான் ரட்லெட்ஜை நிராகரித்தது. அதே ஆண்டு இங்கிலாந்தோடு ஜான் ஜே செய்துவந்த ஒப்பந்தம் 20-க்கு 10 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஒரு ஓட்டுகூட மிஞ்சாமல், தப்பியது. ஆடம்ஸ் பதவி இறங்கும் தறுவாயில் அவசர அவசரமாகப் போட்ட நியமனங்களை ஜெஃபர்சன் கொடுக்க மறுத்து, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1803-இல் மார்பரி வழக்காக உலகச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடமானது. கேள்வியே எழாத காலமாம்! தூதர் முதல் சுங்க அதிகாரி வரை செனட்டின் ஆலோசனையும் ஒப்புதலும் இல்லாமல் வாஷிங்டனால் அமர்த்த முடியவில்லை. எங்கள் துணைநிலை ஆளுநருக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும்? எங்கள் சட்டமன்றத்தினுடையதா, நாடாளுமன்றத்தினுடையதா? இரண்டும் இல்லை. உள்துறை அமைச்சகத்தில் ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.

நியமன எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில்தான் இந்த ஒப்பீடு முழுசாகக் குப்புற விழுகிறது. வடமேற்குச் சட்டத்தில் இரண்டாம் கட்டத்துக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு நியமன சபை உண்டு. அந்த ஐந்து பேரை யாரிலிருந்து எடுக்கவேண்டும்? தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எழுதிக் கொடுக்கும் பத்துப் பெயர்களிலிருந்து. மக்களின் பிரதிநிதிகள் பட்டியல் போடுவார்கள், மேலே இருப்பவர் அதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1787-இல், அடிமை முறை கோலோச்சிய நாட்டில், பாதி காடாக இருந்த ஒரு நிலத்துக்கு எழுதிய விதி இது. 1963-இல் எழுதிய எங்கள் சட்டமோ, மூன்று பேருக்கு மிகாமல் ஒன்றிய அரசு நியமிக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. மாநிலங்களவைக்கு நியமிக்கப்படுகிறவர்களுக்காவது இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று அரசமைப்பு ஒரு தகுதி வைத்தது. இங்கே அதுவும் கிடையாது. 2017 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கேட்காமல் மூவர் நியமிக்கப்பட்டு, சட்டமன்றத்தில் இல்லாமல் ராஜ்நிவாஸில் பதவியேற்றார்கள். மூவரும் பா.ஜ.க.வினர், ஒருவர் அப்போது அக்கட்சியின் மாநிலத் தலைவர். 2018 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்த நியமனத்தை ஏற்றது, பிரதேச அரசைக் கலந்தாலோசிக்க வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை என்றது. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்தச் சட்டம் நியாயமானது என்பது பொருளல்ல, அதனால்தான் சட்டத்தை மாற்றச் சொல்கிறோம். 2021-இல் வந்த மூவரும் அதே கட்சி. ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத ஹாமில்டனையும் ஜெஃபர்சனையும் ஒரே அமைச்சரவையில் உட்காரவைத்த வாஷிங்டனை இதற்கு எப்படிச் சாட்சி சொல்ல அழைக்கிறார்?

மூன்று பேர்தானே, என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறார். 2021 பிப்ரவரி 22-ஐ எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ராஜினாமாக்களுக்குப் பிறகு சபையில் மிஞ்சிய தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 23 பேர். சபாநாயகரையும் சேர்த்து அரசின் பக்கம் 12, எதிர்ப்பக்கம் 11. நியமன உறுப்பினர் மூவரைச் சேர்த்ததும் எதிர்ப்பக்கம் 14 ஆனது. முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. அந்த அரசின் கூடாரத்தில் இருந்தவர்களே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறியதும், ஐந்தாண்டு அது தன் வீட்டைச் சரியாகக் காக்காததும் என் நினைவில் இருக்கின்றன. அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ஒரு மனிதரின் ஓட்டைக்கூட வாங்காத மூவர், முப்பது தொகுதி மக்கள் வாக்களித்து அமைந்த ஒரு சபையின் முடிவைத் திருப்ப முடியும் என்பது எண்கணிதம், கற்பனை அல்ல.

புதுச்சேரி சிறியது என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் மக்கள்தொகை 12,47,953. சிக்கிமின் மக்கள்தொகை 6,10,577. சிக்கிம் 1975 முதல் மாநிலம். அவ்வளவுதான்.

கட்டுரையாளர் அமெரிக்கா வரை போய்த் தேடிய முன்னுதாரணம், அவர் மேசையில் இருக்கவேண்டிய அதே 1963 சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் முதலில் இயற்றப்பட்டது ஐந்து பிரதேசங்களுக்காக: இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா-டாமன்-டையூ, புதுச்சேரி. இமாச்சலம் 1971-இல் மாநிலமானது. மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல். கோவா 1987-இல். பிறகு அதே சட்டத்தின் கீழ் வந்த மிசோரமும் அருணாச்சலமும்கூட 1987-இல் மாநிலங்களாகிவிட்டன. வாஷிங்டனையும் ஜெஃபர்சனையும் தெரிந்த ஒருவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், அவர் தேடியது முன்னுதாரணத்தை அல்ல, தம் முடிவுக்கு இடைஞ்சல் செய்யாத தூரத்து உதாரணத்தை. வாசகர் பக்கத்து மாநிலத்தின் வரலாற்றைச் சரிபார்த்துவிடுவார், இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒஹையோவின் வரலாற்றைச் சரிபார்க்க மாட்டார் என்ற கணக்கு அது. இந்த இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவர்களைப் பற்றி இவ்வளவு தாழ்வான மதிப்பீடு எனக்கு இல்லை.

நியமன ஆட்சியால் யாருக்கு லாபம் என்ற கேள்வியையும் அவர் தொடவில்லை. டெல்லியில் எந்தக் கட்சி இருந்தாலும் அதற்கு இங்கே ஒரு கைப்பிடி கிடைக்கிறது. காங்கிரஸ் ஆண்ட காலத்திலும் இதே சட்டம்தான் இருந்தது, அவர்களும் மாற்றவில்லை. இங்குள்ள அரசியல்வாதிகளுக்கும் லாபம் உண்டு: செய்யாத வேலைக்கெல்லாம் ராஜ்நிவாஸைக் காட்டிக் கைகழுவலாம். மாநிலத் தகுதித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்ப நிறைவேற்றுகிற இதே கட்சிகள், தங்கள் கையில் இருக்கும் உள்ளாட்சித் தேர்தலை ஏன் நடத்துவதில்லை? 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அதுவும் நீதிமன்றம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பிறகு. 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் வரவில்லை. 1954-இல் மேயர்களின் தீர்மானம் எழுந்த இதே மண்ணில் இன்று மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆணையர் என்ற நியமன அதிகாரி இருக்கிறார். தனி கொம்யூனாக இருந்த முதலியார்பேட்டை இன்று புதுச்சேரி நகராட்சிக்குள் அடங்கி, சாக்கடை அடைப்புக்குக்கூட அந்த அதிகாரியிடம் மனு எழுதுகிறது. டெல்லியிடம் கேட்பதைத் தெருவுக்குக் கொடுக்க மறுக்கும் இவர்களின் வேடத்தைக் கட்டுரையாளர் தோலுரித்திருந்தால் முதல் ஆளாக அவர் பக்கம் நின்றிருப்பேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. நியமனம் என்ற நோய் மேலிருந்து கீழ்வரை பரவியிருப்பதைச் சொன்னால், நியமனத்தைப் புகழ எழுதிய கட்டுரை அங்கேயே செத்துவிடும்.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் பதில் எழுதும்போது வாஷிங்டனின் நற்குணங்களைப் பற்றி இன்னொரு பத்தி வேண்டாம். வடமேற்குச் சட்டம் எழுதியதைப் போல, புதுச்சேரி எந்த மக்கள்தொகையை, எந்த வருவாயை, எந்த ஆண்டை எட்டினால் மாநிலமாகலாம் என்று ஒரு நிபந்தனையை எண்ணில் எழுதட்டும். எழுத முடியாவிட்டால், எந்த நிபந்தனையை நிறைவேற்றினாலும் கொடுக்க மாட்டோம் என்பதுதான் தம் நிலை என்று ஒப்புக்கொள்ளட்டும்.